புது வீட்டை நோயாளருக்குத் திறந்த அக்கா

இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று உறவினர் பேசியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அழாமல் இருந்தேன். அதனால் எழுதக்கூடியவள் என்று நினைத்திருக்கலாம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கை எழுதுகிறது. எழுதியதை வேறு யாரோ சொன்னது போல வாசித்துப் பார்க்கிறேன்.

அக்கா பெரியகல்லாற்றில், வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எங்கள் வீட்டு வளவில் பிறந்தார். அப்பா தோணியும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் காலமானார். என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். இளவயதிலேயே அக்காவுக்குக் கலியாணமானது. அத்தான் வாவிக்கு அப்பால் வயல் செய்தார். ஒரு மாரியில் அந்த வயல்வெளியான வட்டையில் காவலிருந்தபோது காய்ச்சல் பிடித்தது. தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தபோது உயிர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. நெடுநாள் அக்கா வளவை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மருத்துவமாதுப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனார். "தாலியறுத்தவ பிள்ளைப்பேறு பாக்கப் போறாளாம்" என்று ஊர் பேசியது. பயிற்சி முடித்து வந்ததும் அதே ஊர் அவரை "மிஸி" என்று கூப்பிடத் தொடங்கியது.

உலக யுத்தம் எங்களுக்கு முதலில் அரிசித் தட்டுப்பாடாகத்தான் வந்தது. பிறகு ஒரு சித்திரையில் திருகோணமலையில் குண்டு விழுந்தது. கரையோரமாக நடந்தும், மாட்டுவண்டியிலும், வள்ளத்திலும் சனம் தெற்கே வந்தது. சில குடும்பங்களை எங்கள் ஊர்ப் பாடசாலையில் இருத்தினார்கள். நடந்து நடந்து அவர்களின் கால்கள் வெடித்திருந்தன. அக்கா உப்புத் தண்ணீரால் கழுவிக் கட்டினார். புண்கள் ஆறி வரும்போது டைபாய்டு எனும் நெருப்புக்காய்ச்சல் தொடங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரி காயப்பட்டவர்களால் நிறைந்திருந்தது. நோயாளரை ஏற்றிப்போன வண்டி அப்படியே திரும்பி வந்தது. ஊர் அதிகாரியான விதானையார் வந்து, காய்ச்சல்காரரைப் பாடசாலையில் வைத்திருக்க வேண்டாம், ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டில் போடுங்கள் என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவர் வீட்டிலும் சிறுபிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அந்த வெயிலில், வெறும் மணலில், நோயாளர் தாங்கமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும்.

எங்கள் வளவில் அப்போது ஒரு புது வீடு இருந்தது. எனக்குச் சீதனமாகக் கட்டியது. ஆவணியில் கலியாணம் என்று களுவாஞ்சிக்குடியில் பேசி முடித்திருந்தார்கள்.

அக்கா கைகழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"புள்ள, உன்ட வீட்டைத் தாவன். இதுகள வைக்க வேற இடமில்ல."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "உனக்கென்ன விசரா? வருத்தக்காரர் கிடந்த வீட்டுல எவன் வந்து கலியாணம் முடிப்பான்?"

"நான் அவளிட்டதான் கேக்கிறன், அம்மா. வீடு அவள்ட." பிறகு என்னைப் பார்த்து, "வேணாமெண்டா சொல்லு. கோவிக்கமாட்டன்" என்றார்.

"எடுங்கக்கா" என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். இதை யாரும் பெரிதாக எண்ண வேண்டாம். அக்கா கேட்டு நான் எதையும் மறுத்துப் பழகவில்லை.

பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. குடிக்கவும் அதுதான், துணி அவிக்கவும் அதுதான். வளவின் மூலையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டோம். என் கூறைச் சேலையைப் பற்றிப் பேச வந்த காத்தான்குடி நெசவுக்காரர், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்பவர், வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பயந்துவிட்டார் என்று நினைத்தோம். மறுநாள் ஒரு பொதி வெள்ளைத் துணியோடு வந்தார். "இதக் கிழிச்சு எடுங்க தங்கச்சி. அந்தச் சீலை தறியில கிடக்கட்டும்" என்றார். சேலை தறியிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் வண்டியில் வந்து, விறாந்தையில் பாய்களைக் கண்டு, இறங்காமலே போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் தலையை அக்காவே வாரிக் கட்டிவிட்டார்.

நெருப்புக்காய்ச்சல்காரருக்குக் கஞ்சித்தண்ணீர்தான் கொடுக்கலாம். காய்ச்சல் இறங்கும்போது பசி வரும். அப்போதுதான் கவனம் வேண்டும், சோறு போனால் புண்ணான குடல் ஓட்டையாகிவிடும் என்று அக்கா எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். திருகோணமலையிலிருந்து ஒரு தாய் தன் ஒரே மகனோடு வந்திருந்தார். மகன் வளர்ந்த ஆள், துறைமுகத்தில் வேலை செய்தவர். காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்தார். பசி தாங்காமல் கெஞ்சியிருக்கிறார். தாய் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பிடி சோறு குழைத்து ஊட்டிவிட்டார். மறுநாள் வயிறு கல்லாகி, அவர் இறந்தார். பாயின் கீழே பருக்கைகளைக் கண்டது அக்காதான். அவற்றைத் துணியில் கூட்டி எடுத்தார். "இதக் கண்டத அந்த மனிசியிட்ட சொல்லிராத" என்றார். நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாய் ஊர் திரும்பவில்லை. எங்களோடேயே இருந்து, போன வருடம் காலமானார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மழைக்கு முன் அகதிகள் திரும்பத் தொடங்கினார்கள். கடைசி நோயாளி எழும்பிய பின் அக்கா அதே காய்ச்சலில் விழுந்தார். இரவும் பகலும் பார்த்தவர் அந்தத் தாய்தான். காய்ச்சல் இறங்கிய ஒரு மத்தியானம் அக்கா சோறு கேட்டார். மிஸியாக அல்ல, பசித்த பிள்ளையாகக் கேட்டார். என் கை சட்டிக்குப் போனது. அந்தத் தாய் என் கையைப் பிடித்தார்.

"குடுக்காத, மகள். நான் ஒருக்காக் குடுத்தனான்."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்தத் தாய் கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் எடுத்து ஊதிக்கொண்டு இருந்தார். அன்றைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்கள்.

அக்கா பிழைத்தார். ஆனால் நெஞ்சில் பழைய பலம் இல்லை. யுத்தம் முடிந்த பின்னும் நின்று நின்று மூச்சு வாங்கி நடந்து, பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நாளும் ஒரு வீட்டுக்குப் போய், ஆண்குழந்தை என்று சொல்லிக்கொண்டு வந்து, சாய்ந்து உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தபோது போய்விட்டார்.

பந்தல் போட்ட ஊர் இளைஞருக்கும், காத்தான்குடிக் காக்காவுக்கும், மலர்வளையத்தோடு வந்த விதானையாருக்கும், திருகோணமலையிலிருந்து வந்து கிரியைகள் முடியும்வரை நின்றவர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் அக்கரையிலிருந்து ஒருவர் தோணியில் வந்தார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது, மிஸியைக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அக்கா இல்லை என்றேன். வேறு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எப்ப வருவா?" என்று கேட்டார்.

நான் வேலிப்பக்கம் பார்த்தேன். வேலியடியில் நின்ற அயல்வீட்டு மாமி வந்து, அவர் தோளில் கை வைத்து, மெதுவாகச் சொன்னார். அதை எனக்காகச் சொன்ன மாமிக்கு என் நன்றி.