முந்திக் கொடுத்த நேர்ச்சை ரொட்டி

இராக்கில், நாசிரியாவில் பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் சாசிப், நடுவில் சுக்ரியா, கடைசி நயீம். சாசிப்பின் மனைவி ஹஸ்னாவும் வெளியாள் அல்ல, தாய்மாமன் மகள்தான்.

தொண்ணூற்றொன்றில், நாட்டை ஆண்டுகொண்டிருந்த அந்த ஆளுக்கு எதிராக ஊரே கிளம்பியபோது அண்ணனும் தம்பியும் தெருவில் நின்றார்கள். எழுந்திருங்கள் என்று ரேடியோவில் சொன்ன வெளிநாட்டுக்காரர்களின் படை, கூப்பிடு தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டது. பின்னாலேயே அந்த ஆளின் டாங்கிகள் வந்தன. ஓடத்தான் வேண்டும் என்று ஆனதும் மூன்று பேரும் மகான் அப்பாஸ் பேரில் ஒரு நேர்ச்சை வைத்தார்கள். அந்த ஆள் விழுந்து, மூவரும் மறுபடி ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடும் அன்று, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தெருவுக்கெல்லாம் கொடுப்பது.

நயீமும் அண்ணனோடு கிளம்பியவன்தான். படுக்கையில் கிடந்த அம்மாவையும் விதவை அக்காவையும் நினைத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டான். அம்மா இறந்தபோது மையத்தை எடுத்து அடக்கியதும் அவன்தான். சாசிப்பும் ஹஸ்னாவும் சவூதிப் பாலைவன முகாமில் வருஷக்கணக்காகக் கிடந்து, கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்டன் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று மார்ச், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். தோட்டத்தில் பேரிக்காய் பறிப்பு. டிராக்டர் ரேடியோவில் செய்தி வந்ததும் சாசிப் கழுத்துப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியடிக்கு ஓடினார்.

“டேய் முஹ்சின், எறங்குடா! போட்டுட்டாங்கடா!”

“எத? பேரிக்காயையா?”

“குண்டுடா! பாக்தாத்துல! இந்தத் தடவ அந்த ஆள் தொலைஞ்சான். எத்தன நாடு சேர்ந்து போயிருக்கு தெரியுமா? நம்ம ஆஸ்திரேலியாக்காரனும் போயிருக்கான்.”

முஹ்சினும் அதே முகாமில் கிடந்தவன். ஏணியில் நின்றபடியே சொன்னான்: “போன தடவ முப்பது நாடு வந்துச்சு. நீ இங்க பேரிக்கா பறிச்சிட்டு நிக்கறே.”

“உன் வாயில மண்ணப் போட!” என்று சிரித்துக்கொண்டே சாசிப் வீட்டுக்கு விட்டார் வண்டியை. உலகமெல்லாம் கூடி இந்தப் போர் வேண்டாம் என்று கத்தியது அவர் காதில் விழாமல் இல்லை. இவர்களுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டார்.

நாசிரியாவுக்கு போன் உடனே கிடைத்தது. சுக்ரியாதான் எடுத்தாள்.

“அண்ணே, நயீம் வேன எடுத்து வாசல்ல நிறுத்திருக்கான். என் புகுந்த வீட்டுக் கிராமத்துக்குப் போயிரலாமான்னு கேக்கறான். நீ சொல்றதுதான்.”

“எங்கயும் போகாதீங்க. ஓடினவன் திரும்ப வீட்டப் பாக்க மாட்டான். நானே பன்னண்டு வருஷமா பாக்கல. மூணே நாள், முடிஞ்சிரும். கதவச் சாத்திட்டு உள்ள இருங்க.”

நயீம் போனை வாங்கினான். “சரிண்ணே. வரும்போது நீ பறிக்கற பேரிக்கா ஒரு கூடை கொண்டு வா.”

மறுநாள் காலையிலேயே சாசிப் கொல்லையில் பீப்பாய் அடுப்பை மூட்டச் சொன்னார். ஹஸ்னா மாவில் கை வைக்கவில்லை.

“மூணு பேரும் ஒரே விரிப்புல உக்காந்த பிறகுன்னுதானே நேர்ந்தீங்க? ஆளும் விழல, நீங்களும் உக்காரல.”

“முந்திக் கொடுத்தா அப்பாஸ் கோவிச்சுக்குவாரா? நீ சுடு.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே சுட்டாள். சாசிப் தட்டோடு வீடுவீடாகப் போனார். எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாவின் வேலியில் ‘போர் வேண்டாம்’ என்று அட்டை தொங்கியது. அங்கும் தட்டினார்.

“எதுக்கு இது?”

“எங்க ஊருக்கு விடுதலை.”

“உங்க ஆளுங்க அங்க இருக்காங்களா?”

“தம்பியும் தங்கச்சியும்.”

அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அட்டை மாட்டியதற்கு வெட்கப்பட்டு வாயடைத்துப் போனாள் என்றுதான் அன்று சாசிப் நினைத்தார்.

நாலாம் நாள் டிவியில் அவருடைய பாலமே வந்தது, புகைக்குள். போன் செத்துவிட்டது. அந்த ஆளின் சிலையை பாக்தாத்தில் சாய்த்தபோது ஷெப்பர்டன் தெருவில் இராக் குடும்பங்கள் மிட்டாய் இறைத்தார்கள், குலவையிட்டார்கள். சாசிப் போன் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் மணி அடித்தது. யாருடைய சாட்டிலைட் போனிலோ சுக்ரியா.

“அண்ணே, நயீம் தண்ணித் தொட்டியப் பாக்க மாடிக்குப் போனான். நாலாம் நாளு. எந்தப் பக்கத்துக் குண்டுன்னு தெரியல. வீட்டு முத்தத்துலயே பொதைச்சு, அப்புறம் நஜஃப் மையவாடிக்குக் கொண்டுபோனோம்.”

அவள் அண்ணனைக் கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு கேட்டாள்:

“அந்த ஆள் போயிட்டானே, நேர்ச்சைய என்ன பண்றது? ரொட்டி கொடுத்தியா?”

“கொடுத்துட்டேன்.”

“எப்போ?”

“குண்டு போட்ட மறுநாளு.”

“மறுநாளேவா?” என்றாள் சுக்ரியா. போன்காரர் காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டாள்.

வீட்டிலேயே இருங்கள் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்தது. முப்பத்தைந்து நாளாக அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். அவள் இன்றுவரை அதைக் கேட்கவில்லை.

அந்த ஆள் விழுந்தது தப்பு என்று சாசிப் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் யார் வீட்டு நேர்ச்சை ரொட்டி வந்தாலும் வாங்கி மேஜையில் வைப்பார், பிரிக்க மாட்டார். ஹஸ்னா அதை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவாள்.