வாளித் தண்ணீர்

மலேசியாவில், கிள்ளானில் நானும் அக்காவும் நடத்திய பூக்கடைக்கு மலையிலிருந்து லோரியில் சாமந்தியும் ரோஜாவும் வரும். பெட்டியைப் பிரித்ததும் அக்கா ஒரு பூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "ஒரு பூச்சிக்கடி இருக்கா பாரு. எவ்ளோ சுத்தம்!" ஓட்டை விழுந்த பூவை வாடிக்கையாளர் தொடமாட்டார். வீட்டு வாசல் தொட்டியில் அவளே நட்ட மல்லிச் செடியைத்தான் திட்டுவாள். அதில் பாதிப் பூ புழு கடித்துக் கிடக்கும்.

சாமிக்குப் போகிற பூவை முகரக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பெட்டியிலிருந்து நெடி ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பூ வாடாமலிருக்க வாளித் தண்ணீரில் போட்டு வைப்போம். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்முன் அக்கா அந்த வாளியில்தான் கை கழுவுவாள். வெயில் தாங்காவிட்டால் முகத்தையும் அதிலேயே நனைத்துக்கொள்வாள். சாப்பிட்ட கையை மட்டும் அதில் விடமாட்டாள், எச்சிலாம். கடைக்குப் பின்னால் குழாய் இருந்தது. ஆனாலும் சாமிப் பூ கிடந்த தண்ணீர் அவளுக்குக் குழாய்த் தண்ணீரைவிட மேல்.

அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்.

"பூச்சி மருந்து புழங்குற வேலை ஏதாச்சும் செஞ்சீங்களா ஆன்டி? எஸ்டேட்ல?"

"ஐயோ, இல்ல டாக்டர். நான் பூக்கடை லா. சாமிப் பூ," என்றாள் அக்கா பெருமையாக.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். கையுறை உண்டா, எங்கே கை கழுவுவீர்கள் என்று கேட்டார். அக்கா வாளியைப் பற்றிச் சொன்னாள். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனி அந்தத் தண்ணீரைத் தொடவேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் காட்டுவது? பூவுக்கு மருந்து தெளித்தவன் முகம்கூட எனக்குத் தெரியாது.

நான் கையுறை மாட்டிக்கொண்டேன். முதல் நாளே ஓர் அம்மா முகம் சுளித்தார். "என்னக்கா, சாமி மாலைய பிளாஸ்டிக் கையாலயா கட்டுறது?"

"சாமிக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் ஆவும்," என்றேன். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

கீமோவில் அக்காவின் தலைமுடி மொத்தமும் கொட்டியது. "முடி வளரட்டும், ஒரு முழம் மல்லி வெச்சு விடு," என்பாள். முடி வளரும்வரை அவள் இருக்கவில்லை.

சாவு வீட்டுக்குக் கடைத்தெருவே மாலையும் கையுமாக வந்தது. ஒவ்வொன்றாக வாங்கி வாசலிலேயே குவித்தேன், ஒன்றையும் உள்ளே விடவில்லை. அக்கா கணவர் அழுதுகொண்டே கெஞ்சினார். "பூக்காரிய பூ இல்லாம அனுப்புறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

தொட்டிச் செடியில் இருந்ததையெல்லாம் பறித்தேன். எல்லாம் புழு கடித்த பூ. வெறுங்கையால் கட்டி, அவள் தலையில் சுற்றியிருந்த துணியில் செருகினேன். ஒரு முழம் தேறவில்லை.