மாதுளந்தோல் கஷாயம்

ஒத்தக்கடையில் அண்ணன் வீட்டில் தங்கித்தான் ஆராய்ச்சிப் படிப்பு படித்தேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸை மாதுளந்தோல் சாறு தடுக்கிறதா என்று கல்லூரி ஆய்வகத்தில் பார்ப்பது என் வேலை. தட்டில் வளர்த்த செல்களில் வைரஸை விட்டால் சில நாளில் செல்கள் செத்து, உரிந்து மிதக்கும். சாறு கலந்த தட்டில் பெரும்பாலும் பிழைத்துக் கிடந்தன. அந்தச் சந்தோஷத்தில் மதினியிடம், "மாதுளந்தோலு வைரஸக் கொன்னுருச்சு மதினி" என்றேன். சாறு கூடினால் செல்களும் சாகும் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு வாரம் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டு, ஒரு மதியம் வீடு திரும்பினேன். அண்ணனின் ஒன்றரை வயது மகள் கட்டிலில் துவண்டு கிடந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

"எம்புட்டு நாளாப் போகுது?"

"மூணு நாளா. நீ சொன்னயேன்னு தோல அவிச்சுக் குடுத்தேன். அம்புட்டையும் கக்கிருறா" என்றாள் மதினி.

"உப்பு சர்க்கரைத் தண்ணி?"

"தண்ணி குடுத்தா இன்னும் போகுதுன்னு நிப்பாட்டிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவம்னு நேத்தே உங்கண்ணன்கிட்டச் சொன்னேன். நாளைக்குப் பாப்பம்னாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தான். அடுப்பில் ஆறிக் கிடந்த கஷாயச் சட்டியை எடுத்து மதினியின் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்தது. சுவரெல்லாம் பழுப்பாக வழிந்தது. கீழே விழுந்தவளை மிதித்தான்.

"நாந்தாண்ணே சொன்னேன்" என்று குறுக்கே போனேன். சட்டியின் விளிம்பு என் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று நாக்கில் தட்டுப்பட்டது. அதைத் துப்பிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். மதினி பின்னால் ஓடிவந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இரண்டு கையிலும் காலிலும் குத்திப் பார்த்தார்கள். நரம்பு சிக்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசியைத் திருகி இறக்கினார்கள். அதற்கும் அவள் அழவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, கரகரத்த குரலில் அழ ஆரம்பித்தாள்.

மதினிக்குத் தையல் போட்ட டாக்டரம்மா எப்படி அடிபட்டது என்று கேட்டார். படியில் விழுந்துவிட்டதாக மதினி சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒரே படியிலயா?"

"எங்கண்ணன் அடிச்சான்" என்றேன் நான். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் அதன்பின் என்னோடு பேசவில்லை. மதினி மகளோடு திருநகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் விடுதிக்கு மாறினேன். ஆய்வை முடித்து, சாறு தட்டில்தான் வேலை செய்தது, பிள்ளை வயிற்றில் செய்யுமா என்று தெரியாது என்று எழுதினேன்.

போன வாரம் போனில் மதினியிடம் கேட்டேன், "என்னாலதான?"

"உங்கண்ணன் அடிச்சதுக்கு நீ என்ன செய்வ" என்றாள். கஷாயத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.