பொருந்தாத நேரம் எதோ, அதுதான் சரி

சாதகக் குறிப்புக் கணித்துப் பொருத்தம் பார்ப்பது என் தொழில். முடிவை எடுத்துவிட்டுக் கணக்குக் கேட்க வருபவர்களோடு மல்லுக்கட்டுவது அதில் முக்கால்வாசி. வெள்ளவத்தையில் ஒரு கொம்பியூட்டரோடு பல வருடமாக இருக்கிறேன். எவர் கேட்டும் பிறந்த நேரத்தை மாற்றிப் போட்டதில்லை. இப்படியான ஆட்களோடு மாரடிக்கிற உங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

லண்டன் மாப்பிள்ளை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்கு லண்டனில் மாப்பிள்ளை. பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் இருந்தது. போதாது என்றேன். அவர் கோபிக்கவில்லை, என் அறிவை நினைத்து இரங்கினார்.

"தம்பி, கலியாண ஹோல் புக் பண்ணியாச்சு. பொருத்தமில்லாட்டி நாங்கள் ஹோல் புக் பண்ணியிருப்பமே?"

பெற்றவளின் சாட்சி

புவனேஸ் அக்கா நேர்மாறு. அவருடைய மகள் கூட வேலை செய்யும் ஹட்டன் பொடியனை விரும்பினாள். அக்காவுக்கு அவனுடைய மலையக ஊர் பிடிக்கவில்லை. குறிப்புப் பொருந்தினால் கலியாணம், பொருந்தாவிட்டால் அவனை மறந்துவிட வேண்டும் என்று தாய்க்கும் மகளுக்கும் பேச்சு.

ஒன்பது பொருந்தியது. மகளின் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும் அசையவில்லை. முதலில் கொம்பியூட்டர் பிழை என்றார். பிறகு, அவரே கொண்டுவந்த ஆஸ்பத்திரித் துண்டில் இருந்த நேரம் பிழை, அரை மணித்தியாலம் தள்ளிப் போடும் என்றார். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என் விரல் நுனியில் நின்றது. மாட்டேன் என்றேன். "அப்ப சரியான நேரம் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"இந்தப் பொடியனோட பொருந்தாத நேரம் எதோ, அதுதான் அவள் பிறந்த நேரம்."

செவ்வாய் வந்த கதை

அக்கா வேறொரு இடத்தில் நேரத்தைத் தள்ளிப் போடுவித்தார். ஹட்டன் பொடியன் பொருந்தாமல் போனான். கூடவே மகளுக்குச் செவ்வாய்க் குற்றமும் வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பை வாங்கிப் பார்த்த கலியாணத் தரகர், இதற்கு மாப்பிள்ளை தேடுவது கஷ்டம் என்று கையை விரித்துவிட்டார்.

ஒரு மாதத்தில் தாயும் மகளும் திரும்ப வந்தார்கள். பழைய துண்டைத்தான் நீட்டினார்கள். அதே நேரம், அதே ஒன்பது பொருத்தம். மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்தார். அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன்.

"பெத்த எனக்குத் தெரியாதே அவள் பிறந்த நேரம்? துண்டில இருக்கிறதுதான் சரி. நீர்தான் அண்டைக்குத் தேவையில்லாமக் கதைச்சு என்னைக் குழப்பினது."

இந்தத் தொழிலில் இன்றுவரை நான் ஒரு வாதத்திலும் வென்றதில்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் கலியாணத்தில் முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டேன்.