சாரிடம் சொல்லாமல் விட்ட ‘நெகட்டிவ்’

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் வேலைக்கு ஆள் தயார் செய்கிறோம் என்றார்கள். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பெருந்துறையில் ஓர் ஆலையில் மூட்டை தூக்கினார். பிசிக்ஸ் முடித்த தைரியத்தில் சேர்ந்துவிட்டேன்.

சொல்லித்தரும் சார் இருந்தது சென்னையில். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் விமானங்கள் பச்சைப் புள்ளிகளாக நகரும். டெலிபோன் லைன் வழியாக அவர் திரையிலும் அதே புள்ளிகள் தெரியும். இன்னொரு லைனில், ஸ்பீக்கர் போனில் அவர் குரல். பாடம் நடத்துவதும் அவர்தான். பயிற்சியின்போது எல்லா விமானங்களுக்கும் பைலட்டாகப் பேசுவதும் அவர்தான். பைலட்டுக்கும் நான் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவேன். பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் மகனுக்குக் கேலி செய்ய அது போதும்.

“ஏனுங்க பிளேனு, சித்த எறங்கிக்கறீங்களாங்க?” என்பான். அறையே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

நாம் சொல்லும் உயரத்தைப் பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் உடனே ‘நெகட்டிவ்’ என்று வெட்டிவிட்டு, சரியானதை மறுபடி சொல்ல வேண்டும். இது தெரியாதவன் இல்லை நான்.

கடைசித் தேர்வில் தேறினால்தான் சென்னையில் நேரடிப் பயிற்சிக்குக் கடிதம் கிடைக்கும். என் முறை வந்தது. ஒரு விமானத்தை எட்டாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். சார் பைலட்டாக, நிதானமாக, “ஏழாயிரம் அடிக்கு இறங்குகிறேன்” என்றார். ஏழாயிரத்தில் எதிரே இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

காதில் தெளிவாகத்தான் விழுந்தது. ‘நெகட்டிவ்’ என்று நான் வெட்டவில்லை. பதினைந்து வருஷப் படிப்பில் எந்த வாத்தியாரையும் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லாததாலேயே நல்ல பையன் என்று பேர் வாங்கி, அந்தப் பேரை வைத்தே மேலே வந்தவன். ஏதோ காரணத்தோடுதான் சார் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். “சார்ங்க…” என்று இழுத்தேன். அதற்குள் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டன.

“ரெண்டு பிளேனும் போச்சு. காதுல விழலையா?”

“விழுந்துச்சுங்க சார்.”

“அப்புறம் ஏம்ப்பா சொல்லலை?”

“நீங்க சொன்னீங்கன்னுதானுங்க சார்…”

அடுத்து உட்கார்ந்த டாக்டர் மகன், சார் அதே மாதிரி உயரத்தை மாற்றிச் சொன்ன இடத்தில் “நெகட்டிவ்!” என்று கத்தினான். சார் “குட்” என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா, “வாத்தியாரை எதுத்துப் பேசாம வந்தயல்லொ, அது போதும் கண்ணு” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் சார்மேல்கூட வரவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் மையத்தில் கெஞ்சி, சாரை லைனில் பிடித்தேன்.

“பாடம் நடத்தறதும் நீங்க, பைலட்டும் நீங்க, ரெண்டுக்கும் ஒரே குரல். எங்க ஊர்ல சாரை வெட்டிப் பேசி யாரும் வளரலீங்க. இன்னொருத்தரைப் பைலட்டாப் பேச வெச்சு என்னைப் பாருங்க. நீங்க தேர்வு வெச்ச முறை தப்புங்க சார்.”

சார் அதே நிதானக் குரலில் சொன்னார்:

“இப்ப எவ்வளவு தெளிவாப் பேசறே! நேத்து இதுல ஒரு வார்த்தை பேசியிருந்தா தேறினவங்க லிஸ்ட்ல உன் பேரும் இருந்திருக்கும். லிஸ்ட் காலைலயே போயிருச்சுப்பா. வெச்சுடறேன்.”

இன்னும் கேட்டிருக்கலாம். லிஸ்ட்டைத் திருத்த முடியாதா என்றாவது கேட்டிருக்கலாம். அதற்கும் “சரிங்க சார்” என்றுதான் சொன்னேன்.