ஏகாதசி இருந்த குட்டிகள்

நாய் தன் மலத்தைத் தானே தின்னும் என்பது இருபத்தொன்பது வயது வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கையாகவும் அது இருக்கவில்லை. பத்தொன்பதில் புருஷன் போய், ஒரு தகரப் பெட்டியோடு மலையாளச் சீமையில் ஸ்ரீவராகத்தில் அண்ணா வீட்டுக்கு வந்தவள் நான். பகலில் ஒரு வேளைச் சோறு, அதுவும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு. சாயங்காலம் வேண்டுமானால் ஒரு டம்ளர் மோர். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. முதல் ஒரு வருஷம் வயிறு கத்திற்று. அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

ஐப்பசி மழையில் எங்கள் கொல்லை விறகுப்புரைக்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டது. நாலில் இரண்டு மழையிலேயே செத்தன. குட்டிகள் நடக்க ஆரம்பித்த சமயம், வெளியே போன தாய் திரும்பவில்லை. மன்னி மூக்கைச் சுளித்தாள். அண்ணாதான், "கிடக்கட்டும். தேங்காய்க் கள்ளன் வந்தாக் குரைக்குமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கச்சேரி உத்தியோகத்துக்குப் போனார். நாய்க்குச் சோறு போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். ஒன்று கறுப்பு, ஒன்று செம்பட்டை. நான் கொல்லைக் கதவைத் திறந்தால் இரண்டும் வாலோடு சேர்ந்து முதுகையும் ஆட்டும். அந்த வீட்டில் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள் இருவர்தான்.

நான் சாப்பிட்டு எழுந்ததும், இரண்டு மணி வாக்கில், மிச்சச் சோற்றில் மோர் விட்டுத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவேன். மறுபடி மறுநாள் இரண்டு மணிக்கு. ஏகாதசியன்று எனக்கு இல்லை, அவற்றுக்கும் இல்லை. இதை எதிர்வீட்டு மாமியிடம் பெருமையாக வேறு சொன்னேன். "எங்காத்து நாய்கூட ஏகாதசி இருக்கு மாமி." மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தெரு முழுக்க அது பரவிற்று.

முதலில் பார்த்தது மன்னிதான். விடிகாலையில் குளித்து மடியுடுத்திக் கிணற்றடிக்குப் போனவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு அலறினாள். செம்பட்டைக் குட்டி, தான் அப்போதுதான் போட்டதைத் தானே நக்கித் தின்றுகொண்டிருந்தது. கறுப்பு தன் பங்குக்குக் காத்துக்கொண்டிருந்தது. மன்னி இன்னொரு தடவை குளித்தாள். எனக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. தென்னந்துடைப்பத்தை எடுத்து இரண்டையும் விளாசினேன்.

அதிலிருந்து ஒரு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாம்பலும் முறமுமாகக் கொல்லையில் குட்டிகளின் பின்னால் அலைந்தேன். கண் அசந்த நேரம் காரியம் முடிந்திருக்கும். யார் சொல்லியோ அதன்மேல் மிளகாய்ப் பொடி தூவினேன். தும்மித் தும்மித் தின்றன. வேப்பெண்ணெய் ஊற்றினேன். நுரை கக்கிக்கொண்டு தின்றன. பழவங்காடிப் பக்கம் ஒரு வைத்தியன் கிருமி என்று சொல்லி ஒரு கஷாயம் கொடுத்தனுப்பினான். அவன் கை புழுத்துப்போக! இரண்டு நாள் பேதியாகி, இருந்த கொஞ்சமும் வற்றி, முன்னைவிட அதிகமாகத் தின்ன ஆரம்பித்தன. அடியினால் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டன. நான் வருவதற்குள் அவசர அவசரமாக விழுங்கிவிட வேண்டும் என்று. விழுங்கிக்கொண்டே கடைக்கண்ணால் என்னைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குத் தாங்காது. அதற்கும் ஓர் அடி போடுவேன்.

"இந்த அசத்தைக் கண்டுட்டு நான் எப்படி ஜலம் கோரறது? இனி ஒரு தரம் என் கண்ணிலே பட்டா ரெண்டையும் கரமனை ஆத்துக்கு அக்கரே கொண்டு விடச் சொல்லிடுவேன், கேட்டியோ" என்றாள் மன்னி. அவள் சொன்னால் செய்கிறவள்.

கொல்லை கூட்ட வருகிறவள் ஒரு மலையாளத்துக்காரி. ஐந்து பெற்றவள். ஓர் ஏகாதசி மத்தியானம், நான் துடைப்பத்தோடு குட்டிகளைத் துரத்துவதைப் பார்த்து நின்றாள்.

"எந்தினா அம்மாளே அடிக்குந்நது? இது விசந்நிட்டா" என்றாள்.

விசந்நிட்டா என்றால் பசித்துத்தான் என்று அர்த்தம். "பசியா? சோறு போடறேனே" என்றேன் கோபமாக.

"எத்ர நேரம்?"

"மத்யானம் ஒரு நேரம்."

அவள் சிரித்துவிட்டாள். "ஒரு நேரமோ! குட்டிகளல்லே? நாலு நேரம் வேணும்."

"நானும் ஒரு நேரந்தான்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. குனிந்து கூட்ட ஆரம்பித்தாள். நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். ஒரு மாதமாக அவற்றைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், விலா எலும்பு என் விரலில் இடறுகிறது, எனக்குத் தோன்றவே இல்லை. பசி என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்ட ஜன்மத்திடம் அவை வந்து மாட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் மன்னியிடம், குட்டிகளுக்குச் சாயங்காலமும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்டேன். "உனக்கே சாயங்காலம் உலை வைக்கறதில்லே. நாய்க்கு வைக்கணுமா?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அது கணக்காகப் பட்டது, எனக்கும்தான். என் இலைச் சோற்றில் பாதியை எடுத்து ஒளித்து வைத்தேன். அதைச் சாயங்காலம் ஒரு தடவையும், விடிந்ததும் நீர் விட்டு ஒரு தடவையும் போட்டேன். பத்து நாளில் குட்டிகளுக்கு வயிறு தெரிந்தது. போட்டதைத் திரும்பிப் பார்க்காமல் விளையாடப் போயின. கொல்லைக்குப் போய்ச் சாம்பலைக் கொட்டி அள்ளும்போது எனக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா, இதற்கா அவ்வளவு அடி என்று.

அடுத்த ஏகாதசி வந்தது. அன்று வீட்டில் அரிசி வேகாது. முதல் நாள் சோறும் ஒரு பருக்கை இருக்கக் கூடாது, மன்னி எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுவாள். என் இலையே இல்லாதபோது அதில் பாதி ஏது? மற்றவர்களுக்குக் கோதுமை அடை வார்த்திருந்தாள். தட்டில் ஏழெட்டு அடை இருந்தது. கொல்லையில் இரண்டும் காலையிலிருந்து கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தன.

ஓர் அடை கேட்டால் போதும். மன்னி வைவாளே தவிர, இல்லை என்று சொல்லமாட்டாள். நான் சமையலறை வாசல் வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் திரும்பிவிட்டேன். ஏகாதசியும் அதுவுமாக நான் போய் அடை கேட்டால், நாய்க்கு என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்? இவளுக்குத்தான் நாக்கு நீண்டுவிட்டது, நாயைச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால்? பத்து வருஷம் காப்பாற்றிய மானம் ஓர் அடையில் போய்விடும் என்று பயந்தேன். நாளைக் காலையில் துவாதசி, சீக்கிரமே இலை போட்டுவிடுவார்கள், அதுவரை பொறுத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுப்பதற்கு அவை என்ன விரதமா எடுத்திருந்தன?

மூன்று மணிக்கு மன்னி கிணற்றில் தண்ணீர் கோரப் போனாள். அலறல் கேட்டது. நான் போவதற்குள் குட்டிகள் தின்று முடித்திருந்தன. கடைக்கண்ணால் என்னைத்தான் பார்த்தன. விறகு இறக்க வந்த வண்டிக்காரனிடம், இரண்டையும் கொண்டுபோய் அக்கரையில் விடச் சொன்னாள் மன்னி. அவன் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்தான். பசி என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. கறுப்பைப் பிடிக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது. செம்பட்டை, நான் சோறு கொண்டுவந்திருப்பதாக நினைத்து என் காலடிக்கு வந்து நின்றது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தது நான்தான்.

மறுநாள் துவாதசிக்கு வெயில் ஏறுமுன்பே மன்னி இலை போட்டாள். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சூடாகச் சோறு. பாதியை எடுத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. தொண்டையில் இறங்காது என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அன்று எனக்குப் பசித்தது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.