கழுத்துக்குக் கீழே

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். கல்லடியில் வாவிக்கரைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் 'உதயம் டிஜிட்டல்' கடையின் முன்னால் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அப்படியே நினைக்க முடிந்தால் அவர்கள் பாக்கியசாலிகள். நடந்தது நடந்ததுதான். ஒரு பழைய லப்டொப்பை வைத்திருப்பதா மாற்றுவதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் பெண்சாதியின் உயிருக்கே உலை வைத்த ஒருவனின் கதை இது.

உதயரூபனின் தொழில், செத்தவர்களுக்கு உடம்பு போடுவது.

பயப்பட வேண்டாம், போட்டோவில்தான். ஒருவர் கண்ணை மூடினால் ஊரெல்லாம் 'கண்ணீர் அஞ்சலி' பனர் தொங்க வேண்டும். பனருக்குப் படம் வேண்டும். ஆனால் நம்மவர்கள் உயிரோடு இருக்கும்போது ஒழுங்காகப் படம் எடுப்பதில்லை. ஐடென்ரிகாட்டில் முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு முகம், அல்லது யாருடையவோ கலியாணப் படத்தின் பின்வரிசையில் எட்டிப் பார்க்கும் ஒரு முகம். அவ்வளவுதான் கிடைக்கும். உதயன் அந்தத் தலையைக் கத்தரித்து, நல்லதொரு உடம்பின் மேல் நட்டுவிடுவான்.

ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்தில் சிவப்பு ரையும். வாழ்நாள் முழுக்கச் சேட்டுப் போடாமல் வலை வீசியவர்கூட அந்தக் கோட்டோடுதான் மேலுலகம் போனார். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லோருமே வங்கி முகாமையாளர்கள் என்று அங்கே நினைத்திருப்பார்கள்.

பெண்களுக்கு மயில்நீலப் பட்டுச்சேலை. மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு கைகள்.

அந்த உடம்பு லப்டொப்போடு வந்தது. கணினி திருத்தும் நளீரின் கடையில் வாங்கிய இரண்டாங்கை லப்டொப் அது. முந்திய சொந்தக்காரி படங்களை அழிக்காமலே விற்றிருந்தாள். அதில் ஒன்றில், யாரோ ஒரு இளம் பெண் கதிரையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். நல்ல சேலை. உதயனுக்குத் தேவைப்பட்டது கழுத்துக்குக் கீழேதான். வெட்டி வைத்துக்கொண்டு, தலையை அழித்துவிட்டான். முதன்முதலில் அந்த உடம்பில் ஏறியவர் சந்தியடியில் இருந்த கண்ணகை மாமி. அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று அவனுக்கே தெரியாது.

லப்டொப்பும் கிழடாகிப் போனது. பற்றரி ஊதிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று. வயரைச் செருகினால்தான் உயிர். போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் முழித்திருக்காது. திறந்ததும் அவன் பெண்சாதி அஜந்தாவின் படம் வரும். கோயில் தீர்த்தத்துக்குப் போன நேரம் அவனே எடுத்த படம், குங்குமச் சிவப்புச் சேலையில். மணிக்கூட்டை எப்போதும் வலக்கையில் கட்டுவாள். ஏன் என்று கேட்டால், "இடக்கைக்கு நேரம் தெரிஞ்சு என்ன செய்யப் போகுது?" என்பாள். அப்படியான பெண்.

"இஞ்சாருங்க, இத வித்துப்போட்டுப் புதிசொண்டு வாங்குங்க."

"என்ட கை இதிலதான் பழகியிருக்கு."

"கை பழகினா? போன மனிசருக்கு வேல முடியிறதுக்குள்ள முப்பத்தோராம் நாள் சடங்கே வந்திடுது."

நளீரிடம் கேட்டான். ராம் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க் மாற்றலாம், ஆனாலும் கிழவிக்குப் பல்லுக் கட்டின மாதிரித்தான் என்றான் அவன். உதயன் ஒரு முடிவுக்கும் வரவில்லை. திங்கட்கிழமை மாற்றுவோம் என்பான். செவ்வாய்க்கிழமை இன்னும் ஒரு வருசம் ஓடும் என்பான்.

முதலில் கவனித்தவள் அஜந்தாதான். பாலத்தடியில் தொங்கிய ஒரு பனரைக் காட்டி, "இந்தம்மாட கை ஏன் நெஞ்சில கிடக்கு? நீங்க மடியிலதானே வைக்கிறநீங்க?" என்றாள்.

உதயன் பார்த்தான். ஆம், வலக்கை நெஞ்சில் இருந்தது. தான் ஏதோ இழுத்துவிட்டிருப்பேன் என்று நினைத்தான். லப்டொப்பின் கோளாறு என்றும் நினைத்தான். இழுத்தால் கை தனியே எழும்பி வராது என்பதை மட்டும் நினைக்கவில்லை.

பிறகு அன்னப்பூரணி அம்மாவின் பனர். அவருடைய மகன் 'சமூகஜோதி' வினாயகமூர்த்தி. ஒரு தரம் சபை உறுப்பினராக இருந்தவர், இனி உலகம் உள்ளளவும் முன்னாள் உறுப்பினர். தாயின் அஞ்சலிப் பனரில் தாய் ஒரு மூலையில் முத்திரையளவு இருந்தார். நடுவில் மகன், கைகூப்பியபடி, ஆளுயரத்துக்கு. பட்டங்களுக்கே மூன்று வரி போனது.

பனர் தொங்கிய அன்று மத்தியானம் அவர் கடைக்குள் பாய்ந்து வந்தார்.

"டேய் உதயன்! ஆர்ரா என்ட அம்மாட வாயப் பொத்தினது?"

"நீங்க பாத்துத்தானே சேர் சரியெண்டு சொன்னீங்க?"

"நான் என்ட படத்தத்தான் பாத்தன்!"

உதயன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். உள்ளுக்குள் வந்த சிரிப்பு நின்றுவிட்டது. கை வாயைப் பொத்தவில்லை. தாடையைப் பிடித்திருந்தது. இருட்டில் ஒரு பொருளைத் தடவி, இது என்னுடையதுதானா என்று பார்க்கிறவர்களின் பிடி அது.

வினாயகமூர்த்தி கத்தி முடித்துப் போனார். அஜந்தா சோறு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. உதயன் படத்தைத் திருத்தக் குந்தினான். கையை வெட்டி மறுபடி மடியில் வைத்தான்.

கரண்ட் போனது.

மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் நின்றது. வாவிக்காற்றும் இல்லை.

ஆனால் ஏதோ ஒன்று இன்னும் இரைந்துகொண்டிருந்தது... ர்ர்ர்ர்...

லப்டொப்.

பற்றரி இல்லாத லப்டொப். கரண்ட் இல்லாத கடையில். திரை எரிந்துகொண்டிருந்தது.

வயரை இழுத்தான். கையோடு வந்தது.

திரை எரிந்தது.

டிக்... டிக்... அவன் தொடாமலே பொத்தான் அமத்தும் சத்தம் கேட்டது. அன்னப்பூரணி அம்மாவின் தலை மறைந்தது. மிஞ்சியது மயில்நீலச் சேலையும், கழுத்தும், அதற்கு மேல் வெறும் வெள்ளையும்.

கை மடியில் இல்லை.

அது கழுத்தின் வெட்டில் இருந்தது. விரல்கள் வெட்டுக்கு மேலே... வெள்ளைக்குள்... எதையோ தேடி...

சொட்டு.

லப்டொப்பின் ஓரத்திலிருந்து மேசையில் தண்ணீர்.

சொட்டு. சொட்டு.

மணம் வந்தது. வாவிச் சேற்றின் மணம்.

உதயன் மூடியை அடித்துச் சாத்தினான்.

அஜந்தா சோற்றுப் பார்சலோடு வந்தபோது அவன் தெருவில், வெயிலில், செருப்பில்லாமல் நின்றிருந்தான். "மாத்துறன். இண்டைக்கே மாத்துறன்," என்றான். இத்தனை நாள் தான் சொல்லியும் கேட்காதவன் இப்போதாவது கேட்டானே என்று அவள் சந்தோசப்பட்டாள்.

லப்டொப்பைப் பழைய சாரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நளீரிடம் போனான். நளீர் மாற்றுக்கு எடுக்கச் சம்மதித்தான்.

"உள்ளுக்கு இரிக்கிற படமெல்லாம் அழிச்சுப்போட்டுத் தாங்க உதயண்ணன்."

"நான் இனி அதத் திறக்க மாட்டன். நீ அழி."

புதிய லப்டொப் கண்மூடித் திறக்குமுன் முழித்தது. புதிதாக ஒரு பச்சைச் சேலை உடம்பு தேடிக்கொண்டான். கைகள் வைத்த இடத்தில் இருந்தன. ஊரில் இறந்தவர்களும் நேரத்துக்குப் பனரில் ஏறினார்கள். உதயனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கேட்பவர்களிடம் எல்லாம் பழைய லப்டொப்பில் 'கிராஃபிக்ஸ் காட் பிழை' என்று நிபுணர்போல விளக்கமும் சொன்னான்.

மாரி தொடங்கியது. ஒரு நாள் காலை பீற்றர் என்று ஒருவர் கடைக்கு வந்தார். குடையை மடக்கி, சட்டைப் பையிலிருந்து பாஸ்போட் அளவுப் படமொன்றை எடுத்து வைத்தார்.

"என்ட தங்கச்சி, நிலானி. தோணியில போகக்குள்ள வாவியில விழுந்தவ. தேடாத இடமில்ல தம்பி, கிடைக்கவே இல்ல. அம்மா இவ்வளவு காலமும் பூசை வைக்க விடல்ல, வருவா வருவா எண்டே இருந்தா. இப்ப அம்மாவும் நம்பிக்கைய விட்டுட்டா."

உதயன் படத்தைக் கையில் எடுத்தான். அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். அவன் அழித்த சிரிப்பு.

"நல்ல படமொண்டு இருந்தது," என்றார் பீற்றர். "எங்கட மச்சாள்ட கலியாணத்தில எடுத்தது. மயில்நீலச் சேல. அதப் பழைய லப்டொப்போட தங்கச்சியே வித்திட்டா. புதிசு வாங்கின சந்தோசத்தில அத மறந்திட்டா."

உதயன் படத்தை மேசையில் வைத்தான். "எப்ப... எப்ப விழுந்தவ?"

"திகதி சொல்லத் தெரியா. அண்டைக்குச் சந்தியில கண்ணகையம்மா எண்டொரு ஆள்ட பனர் கட்டிக்கொண்டிருந்தாங்க. நான்தான் இவவச் சைக்கிள்ள ஏத்திக்கொண்டு துறைக்குப் போனன். இறங்கி நிண்டு பாத்தா. 'அண்ண, இந்தச் சேல என்ட சேல மாதிரியே இருக்கு' எண்டு சிரிச்சா. மறுகா தோணியில ஏறினா. அதுதான் கடைசி."

கண்ணகை மாமியின் பனர்தான் அந்த உடம்பில் அவன் செய்த முதல் பனர்.

அப்படியென்றால், அவன் தலையை வெட்டியபோது அவள் உயிரோடு இருந்தாள்.

அவன் எழுந்து ஓடினான். பீற்றர் திகைத்து நிற்க, மழையில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி நளீரின் கடை வாசலில் போய் நின்றான்.

"என்ட பழைய லப்டொப் எங்க?"

"அது எப்பவோ போய்ட்டு. செங்கலடிப் பக்கம் பனர் அடிக்கிற பொடியன் ஒருத்தன் வாங்கினான்."

"படமெல்லாம் அழிச்சியா?"

நளீர் சிரித்தான். "எதுக்கு அழிக்கிற? உடம்பெல்லாம் ரெடியா இரிக்கி எண்டு சொல்லித்தானே அவன்ட தலையில கட்டின."

திறந்ததும் வரும் படம். குங்குமச் சிவப்புச் சேலை. நல்ல வெளிச்சம்.

அஜந்தா காலையிலேயே புறப்பட்டிருந்தாள். கிரானுக்கு அப்பால், வெள்ளம் பாய்ந்து றோட்டு மூடிய பக்கம் அவளுடைய அக்காவின் வீடு. கிரான்வரை பஸ். அதற்கு மேல் தோணிதான்.

போன் எடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுக்கவில்லை.

மறுபடி அடித்தான்.

எடுத்தாள்.

"எங்க நிக்கிறாய்?"

"துறையில. ஏன் கத்துறீங்க?"

"தோணியில ஏறாத! அஜந்தா, ஏறாத, நான் வாறன்..."

"கேக்குதில்ல... மழை சத்தம். இஞ்சாருங்க, ஒரு விசயம் சொல்லணும்." அவள் சிரித்தாள். "வாற வழியில சந்தியில ஒரு கிழவிட பனர் கட்டுறாங்க. சேல அப்படியே என்ட சேல மாதிரியே இருக்கு. மணிக்கூடுகூட..."

பிறகு கேட்டது தோணி எஞ்சினின் சத்தம் மட்டும்தான்.

உதயம் டிஜிட்டல் அன்று சாத்தியது, இன்னும் திறக்கவில்லை. உதயன் இப்போது தினமும் பஸ்ஸேறி, செங்கலடி, கிரான், வாழைச்சேனை என்று போய் வருகிறான். சந்திக்குச் சந்தி இறங்கி, அஞ்சலிப் பனர்களை அண்ணாந்து பார்க்கிறான். அதிலுள்ள முகங்களை அவன் பார்ப்பதில்லை.

போன கிழமை செங்கலடியில் புதிதாக ஒன்று தொங்கியது. யாரோ ஒரு மூதாட்டி. குங்குமச் சிவப்புச் சேலை. வலக்கையில் மணிக்கூடு.

அந்தக் கை மடியிலிருந்து ஒரு விரலளவு எழும்பியிருந்தது.